அலிசியாவைச் சாவித்திரி ஆக்கிய படம்

எமனிடம் வாதாடிக் கணவனின் உயிரை மீட்ட சாவித்திரி கதை நம் நாட்டுக்கே உரிய சரக்கு என்று எண்ணியிருந்தோம். ஆலிவுட்டிலும் அதற்கு நல்ல விலை கிடைத்திருக்கிறது! 2001-இல் வெளிவந்து, மறு ஆண்டு சிறந்த படத்துக்கானது உட்பட நான்கு ஆஸ்கார் பரிசுகளை அள்ளிச் சென்ற ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ என்னும் படத்தைத்தான் சொல்கிறோம். மனச்சிதைவு நோயால் வீழ்ந்து, மெல்ல மீண்டு, 1994-இல் பொருளியலுக்கான நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்ட கணித மேதை ஜான் நாஷின் கதை அது. சில்வியா நாசர் 1998-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலைத் தழுவியது.

நடிப்பில் குறை காண நமக்கு மனம் இல்லை. பித்துப் பிடித்தவனைச் சிரிப்பு மூட்டும் பண்டமாக்கிப் பழகிய நம் திரையுலகத்தார், ரசல் குரோவிடம் பாடம் கேட்கலாம். நாஷை வாட்டியவை காதில் ஒலித்த குரல்கள். படமோ இல்லாத மனிதர்களையே கண்முன் உலவவிட்டது. திரைக்கு அது தேவை, போகட்டும். ஆனால், போகட்டும் என்று விட முடியாத ஒன்று உண்டு.

படத்து அலிசியா அழுகிறாள், அஞ்சுகிறாள், அலறுகிறாள். ஆயினும் கணவனைப் பிரிவதே இல்லை. முடிவில் நோபல் மேடையேறும் நாஷ், அவளுடைய காதலே தன்னைக் காத்தது என்னும் பொருள்பட உருகிப் பேசுகிறார். அப்படி ஓர் உரையை உண்மை நாஷ் அந்த மேடையில் ஆற்றவே இல்லை. 1957-இல் அவரை மணந்த உண்மை அலிசியா, 1963-இல் மணவிலக்குப் பெற்றார். படம் அதை முழுதும் மறைத்துவிட்டது.

ஏன் மறைக்கவேண்டும்? மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு மனித உள்ளம் இராதோ? தாயும் மறைந்து, போக்கிடமின்றி நின்ற நாஷுக்கு 1970-இல் தம் வீட்டில் இடம் கொடுத்தவர் அதே அலிசியாதான்! மனைவி என்ற கட்டு அவரைக் கட்டவில்லை. சட்டமோ சமயமோ ஏவவில்லை. மருத்துவமனையில் அடைத்து வைப்பதினும் அமைதியான வாழ்வே அவருக்கு நன்மை தரும் என்று சிந்தித்து எடுத்த முடிவு. கற்புக்கரசியின் கதையைவிட எவ்வளவு உயர்ந்த கதை இது! இருவரும் மறுபடி மணம் புரிந்தது 2001-இல்தான்.

அலிசியா தனியே சுமந்தாரா? அதுவும் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் வாயிலை அடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நாஷ் கணிதத் துறைக் கட்டடத்தில் நடமாடினார். கரும்பலகைகளில் எவருக்கும் விளங்காத கணக்குகளை எழுதினார். கணிப்பொறியும் நூலகமும் அவருக்குத் திறந்திருந்தன. எவரும் காவலரை அழைத்துத் துரத்தவில்லை. படம் இதைச் சிறிது காட்டுகிறது என்பதை ஒப்புகிறோம். ஆனால், காட்டிய கையோடு எல்லாப் புகழையும் மனைவியின் கண்ணீருக்கே படைத்துவிடுகிறது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். 1970-க்குப் பின் மருந்து உண்ணவில்லை என்று நாஷே சொல்லியிருக்கிறார். படமோ, புதிய மருந்துகளை உட்கொள்வதாக அவர் வாயில் வசனத்தைத் திணிக்கிறது. பார்ப்போர் மருந்தை வீசிவிடுவார்களோ என்ற அச்சமாக இருக்கலாம். அந்த அச்சம் நியாயமானதே. 1952-இல் குளோர்புரோமசின் வந்த பிறகுதான் ஆயிரமாயிரவர் விடுதிச் சுவரைத் தாண்டி வீடு திரும்ப முடிந்தது. மருந்தை நிறுத்தியோரில் பெரும்பாலோரை நோய் மீண்டும் பற்றுகிறது. நாஷ் ஒரு விலக்கு. விலக்கை விலக்கு என்றே சொல்லியிருக்கலாமே! பொய்யால் காக்கப்படவேண்டிய அளவுக்கு மருத்துவ அறிவியல் நலிந்து கிடக்கவில்லை.

அயல்நாட்டுப் படத்தின் பொய் நம்மை ஏன் சுடுகிறது? “கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்” என்ற பழமொழியைக் கட்டிக்கொண்டு அழும் நாடு இது. நோயை மறைத்து மணம் முடிப்பார்கள். தெளியாவிட்டால் வந்தவளின் ராசி மேல் பழி போடுவார்கள். அதுவும் பலிக்காதபோது மந்திரிப்பு, தாயத்து, சங்கிலி! இப்படம் வெளிவந்த அதே 2001-இல், ஆகஸ்டு 6 அன்று, ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டனர். அவர்களுக்குக் காதல் இல்லாமலா போயிற்று? மருத்துவரும் இல்லை, ஊரும் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. சமுதாயத்தில் வாழும் உரிமையையும் எழுதி வைத்தது. எழுத்து இருக்கிறது, இடம் கொடுக்கும் தெரு எத்தனை?

வழி தெரியாமல் இல்லை. திருப்போரூர் வட்டாரத்திலும், கோவாவிலும், சத்தாராவிலும் 282 நோயாளிகளிடையே நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் ‘லான்செட்’ ஏட்டில் வந்தது. பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, மருந்தோடு துணையும் தந்தபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட இவர்களின் இயலாமை ஓரளவு கூடுதலாகக் குறைந்தது. பெரும்பயன் என்று ஆய்வாளர்கள் பறை சாற்றவில்லை. ஆனால், தமிழகப் பகுதியில்தான் பயன் மிகுதி.

படிப்பகங்களில் இப்படத்தைத் திரையிடும் தோழர்கள், படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, எழுந்து போகிறவர்களைக் கால்மணி நேரம் இருத்தி, நாசர் நூலில் 1963-ஐயும் 1970-ஐயும் பற்றி உள்ள பகுதிகளைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும்.