‘பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிய பிறகு

சென்ற ஆண்டு, பணியிடத்தில் எழும் முரண்பாடுகளைத் தீர்ப்பது பற்றிய இணையவழிப் பயிற்சி ஒன்றை முடித்தேன். காணொளிகள், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள், கடைசியில் கருத்துப் படிவம். ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதி, ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டுச் சான்றிதழைப் பதிவிறக்கிக்கொண்டேன். நீங்களும் இப்படித்தானே செய்திருப்பீர்கள்?

மூன்று வாரம் கழித்து பிரிலிம் வாய்மொழித் தேர்வு. ஒரு மாணவிக்கு நான் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்த மூத்த ஆசிரியை, “என்னம்மா, ரொம்பத் தாராளமா போடுற!” என்றார். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சிரித்துக்கொண்டே குறைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை நன்றாகத்தான் பேசியிருந்தாள்.

அன்று இரவுதான் அந்தப் பயிற்சி ஞாபகத்துக்கு வந்தது. தாமஸ், கில்மன் இருவரும் 1974இல் வெளியிட்ட அளவீட்டுக் கருவியை ஒட்டி அமைந்த பயிற்சி அது. போட்டியிடுதல், ஒத்துழைத்தல், சமரசம், தவிர்த்தல், இணங்கிப்போதல் என ஐந்து வழிகள். எந்த வழியும் எப்போதும் சரி என்றோ எப்போதும் தவறு என்றோ அவர்கள் சொல்லவில்லை. ஆனால் நான் செய்த வினாக்களில் எங்கு பார்த்தாலும் ‘ஒத்துழைத்தல்’தான் சரியான விடை. இரண்டாவது வினாவிலேயே எனக்கு அது பிடிபட்டுவிட்டது. முழு மதிப்பெண் வாங்கினேன். படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இன்னொன்றையும் எழுதியிருக்க வேண்டும். ‘நீங்கள்’ என்று குற்றம் சாட்டாமல் ‘நான்’ என்று தொடங்கி உங்கள் உணர்வைச் சொல்லுங்கள் என்றார்கள். ஆங்கிலத்தில் அது பொருந்தலாம். “அக்கா, நீங்கள் அப்படிச் சொன்னபோது நான் வருத்தமடைந்தேன்” என்று ஆசிரியர் அறையில் சொல்லிப் பாருங்கள். மேடை நாடகம் மாதிரி இருக்கும், சண்டையும் பெரிதாகும். நம் மொழியில் அதற்கு வேறு வழி இருக்கிறது: “அக்கா, அந்தப் பதிவை இன்னொரு தடவை சேர்ந்து கேட்போமா?” அந்த ‘ஓமா’வில் மறுப்பும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

பயிற்சியை மதிப்பிட, டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959இலேயே நான்கு படிகளைச் சொன்னார்: பயின்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, நடத்தை மாறியதா, பணியிடத்தில் விளைவு தெரிந்ததா. நான் நிரப்பிய படிவம் முதல் படியிலேயே நின்றுவிட்டது. காணொளி தெளிவாக இருந்ததா, நேரம் போதுமானதா என்று கேட்டார்கள். இருந்தது, போதும் என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே மாற்றுக்கருத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டேனா என்பதற்கு அது விடையே இல்லை. இத்தனைக்கும் மாற்றுக்கருத்தைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பே அந்தப் படிவம்தான். பெயருடன் உள்நுழைந்து நிரப்பும் படிவத்தில் எதற்கு வம்பு என்று நினைத்தேன். ஐந்து வழிகளில் நான்காவது!

தேர்வு எழுதும் மாணவர்களே, உங்கள் கட்டுரைகளிலும் மின்னஞ்சல்களிலும் இதே ‘பயனுள்ளதாக இருந்தது’ என்ற வரியைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதற்கு மேலே ஒரு வரி போங்கள். நான் எழுதியிருக்க வேண்டியது இது: ‘மூன்றாம் காட்சியில் ஊழியர் பேசியதும் மேலதிகாரி உடனே ஒத்துக்கொள்கிறார். அவர் மறுத்தால் ஊழியர் அடுத்து என்ன பேசலாம் என்பதையும் காட்டியிருக்கலாம்.’ எந்த இடம், என்ன குறை, என்ன செய்யலாம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா?

இரண்டு நாள் கழித்து அக்காவிடம் கேட்டேன். “சரி வா, கேட்போம்” என்று அவரே கணினியைத் திறந்தார். அந்த மாணவிக்கு இரண்டு மதிப்பெண் ஏறியது. இன்னொரு மாணவனுக்கு நான் போட்டதில் ஒன்று இறங்கியது. அதில் அக்கா சொன்னதுதான் சரி.

அந்தக் கருத்துப் படிவத்தைத் திருத்தி அனுப்பலாமே என்று அப்புறம் தேடிப் போனேன். மூடிவிட்டிருந்தார்கள்.