துரையின் ஸ்டேஷன் வாகனும் தோட்டத்து லொறியும்

பழைய மோட்டார் வண்டிகள்மீது கொள்ளும் காதல் நம் நாட்டில் அண்மைக் காலமாகப் புது மெருகு பெற்று வருவதைக் காணக்கூடியதாக உள்ளது. மலைநாட்டில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இன்று உல்லாச விடுதிகளாகிவிட்டன. முற்றத்தில் பழைய வண்டி ஒன்று பளபளவென்று நிற்குமாயின், வருவோர் அதனருகே நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். ஓய்வுபெற்ற தோட்ட அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகளிலும் குடும்பப் படத்தொகுப்புகளிலும் இவ்வண்டிகளுக்குத் தனியிடம் உண்டு. அவற்றுள்ளும் மிகுந்த பரிவுக்குரியது ஸ்டேஷன் வாகன். கூரை பின்புறம்வரை நீண்டு, பின்கதவு அகலத் திறந்து, பிள்ளைகளும் நாயும் பயணப் பெட்டிகளும் ஒருங்கே ஏறத்தக்க குடும்ப வண்டி அது. மொரிஸ் டிரவெலர், ஒஸ்டின் கன்ட்ரிமன் என்ற பெயர்களைச் சொன்னாலே மனம் இளகுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

இந்நினைவேக்கத்தை ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. சென்ற காலத்தை எண்ணி நெகிழ்வது மனித இயல்பு. தந்தை ஓட்டிய வண்டியின் பின்னிருக்கையில் உறங்கிப்போன பிள்ளை, முதுமையிலும் அந்த வண்டியின் வாசனையை மறவாதிருப்பதில் வியப்பில்லை. ஆயின், தனிமனிதரின் நினைவு ஒரு காலத்தின் பொதுச் சித்திரமாக உயர்த்தப்படும்போது அது திறனாய்வுக்கு உரிய பொருளாகின்றது. அச்சித்திரத்தில் இருப்போர் யாவர், இல்லாதோர் யாவர், இல்லாதோர் எவ்வாறு இல்லாமற் போயினர் என்னும் வினாக்களை எழுப்புவது முற்போக்காளர் கடமையாகும்.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இவ்வண்டி புகையிரத நிலையத்தோடு ஒட்டிப் பிறந்தது. நிலையத்தில் இறங்கும் பயணிகளையும் அவர்தம் மூட்டை முடிச்சுகளையும் விடுதிக்கோ வீட்டுக்கோ ஏற்றிச்செல்லும் மரக்கூண்டு வண்டி என்பதால் அது ஸ்டேஷன் வாகன் ஆயிற்று. 1929 இல் ஃபோர்ட் கம்பனி தனது ஏ மொடல் வண்டியை இவ்வடிவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு வேண்டிய மரம் மிச்சிகன் மாநிலத்தில் அக்கம்பனிக்கே சொந்தமாயிருந்த காடுகளிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மரக்கூண்டின் இடத்தை உருக்குத் தகடு பிடித்தது. 1956 இல் நெடுஞ்சாலைச் சட்டம் இயற்றப்பட்டு, நாடெங்கும் பெருஞ்சாலைகள் விரிந்தன. நகர்ப்புறத்தே புதுக்குடியிருப்புகள் எழுந்தன. ஒருவரின் சம்பளத்தில் வீடும் வண்டியும் விடுமுறைப் பயணமும் இயன்ற ஒரு குறுகிய காலத்தின் அடையாளமாய் ஸ்டேஷன் வாகன் அமைந்தது. கறுப்பின மக்களுள் மிகப் பலருக்கு அக்குடியிருப்புகளின் கதவு அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். 1980களில் மினிவான் வந்து இவ்வண்டியை ஒதுக்கியது. இன்று அங்கே அதற்காக ஏங்குவோர், உண்மையில் கைநழுவிப்போன அந்த வாழ்க்கைப் பாதுகாப்புக்காகவே ஏங்குகின்றனர் எனலாம்.

இங்கிலாந்திலோ இதே வண்டியின் பெயர் எஸ்டேட் கார். நாட்டுப்புறத்தில் பெருநிலம் உடைய பிரபுக்கள் வேட்டைத் துப்பாக்கியையும் நாய்களையும் விருந்தினரையும் ஏற்றிச்செல்ல வைத்திருந்த வண்டியின் வழி வந்தது அது. நடுத்தர வர்க்கம் அதை வாங்கத் தொடங்கிய பின்னரும் பண்ணையாரின் பெயர் அதனை விட்டு நீங்கவில்லை.

ஸ்டேஷன், எஸ்டேட் ஆகிய இவ்விரு சொற்களும் உலகில் வேறெங்கும் இல்லாத அளவு கனம் கொண்டு வழங்கும் இடங்களுள் ஒன்று நமது திம்புள்ளப் பகுதி. கோப்பிச் செடியை 1869 முதல் நோய் அழித்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர் அதன் இடத்தை நிரப்பியது. விளைந்த தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் புகையிரதப் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. ஆக, இங்கே ஸ்டேஷன் என்பது எஸ்டேட்டின் வாசல். தலவாக்கலையிலும் ஹட்டனிலும் இறங்கிய துரையை வண்டி அழைத்துச் சென்றது. அதே நிலையங்களில் இறங்கிய தொழிலாளியோ கங்காணியின் பின்னால் நடந்து சென்றான். அவனுக்கு முந்திய தலைமுறை இன்னும் நெடுந்தூரம் நடந்தது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். பசியாலும் கொள்ளை நோயாலும் வழியிலேயே மாண்டவர் எண்ணற்றோர்.

நினைவேக்கத்தின் பொற்காலமெனப்படும் 1950களுக்கு வருவோம். மொரிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அதன் ஸ்டேஷன் வாகன் வடிவமான டிரவெலர் 1953 முதல் 1971 வரை உற்பத்தியாயிற்று. மொரிஸ் மைனர் பிறந்த அதே 1948 இல்தான் இலங்கையின் பதினெட்டாம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் பிறந்தது. தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கான தமிழர் அதனால் நாடற்றோராயினர். 1947 பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் சென்றார். 1952 தேர்தலிலோ வாக்குரிமை பறிக்கப்பட்ட அம்மக்களின் பிரதிநிதி எனச் சொல்ல ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. ஒரு வண்டியும் ஒரு சட்டமும் ஒரே ஆண்டில் தோன்றியது தற்செயலே. ஆயினும் முன்னதைப் பற்றிய நினைவு மட்டும் மெருகேறி நிற்பதும், பின்னதைப் பற்றிய நினைவு மங்கவிடப்படுவதும் தற்செயலாகா.

இவ்வகைப் படங்களைக் கூர்ந்து நோக்கினால் அவற்றின் இலக்கணம் புலப்படும். முன்புறத்தில் வண்டி; பக்கத்தில் பூந்தோட்டமும் பங்களாவும்; பின்னே பச்சைப் படுதாவாகத் தேயிலை மலை. அம்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் புள்ளிகளாகத் தெரிவர், அல்லது தெரியவே மாட்டார். வண்டியைக் கழுவியவன், வீதியைச் செப்பனிட்டவன், சோற்றுக்கூடையைக் கட்டிக்கொடுத்த பங்களா அப்பு ஆகியோரும் படச்சட்டத்துக்கு வெளியேதான். டிரவெலர் வண்டியின் மரச்சட்டம் வெறும் அலங்காரமன்று. பின்கூண்டு முழுவதையும் தாங்கிநிற்கும் எலும்பு அது. அது உக்கினால் வண்டி நில்லாது. அவ்வண்டியை நேசிப்போர் இதை நன்கறிவர். மலைநாட்டு வாழ்வின் தாங்கு சட்டம் எது என்பதை மட்டும் ஏனோ அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

குடும்ப வண்டி என்கின்றனர். எக்குடும்பம் என்று கேட்டல் தகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்த குடும்பமும் அத்தோட்டத்தில் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாய் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் சென்றாள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட நாட்கூலி, 1984 வரை ஆணின் நாட்கூலியினும் குறைவு. துரையின் வண்டி வரும் ஓசை கேட்டால் தொழிலாளி ஓரமாய் ஒதுங்கித் தலைப்பாகையை அவிழ்த்து, மழையாயினும் குடையை மடக்கி நிற்க வேண்டியிருந்த காலம் அது. அவன் பார்வையில் அந்த வண்டி அன்பின் சின்னமாயிருக்க இயலுமோ?

தொழிலாளர் குடும்பத்தின் வண்டி லொறி. காலையில் உரமும் பிற்பகலில் கொழுந்தும் ஏற்றிய அதே லொறிதான், பேற்று வலியில் துடிக்கும் பெண்ணையும் மட்டம் வெட்டும்போது காயமுற்றவனையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது. அதுவும் துரையின் சீட்டுக் கிடைத்த பின்னரே. லொறி வரத் தாமதித்தமையால் கம்பளியில் கட்டித் தோளிற் சுமந்து செல்லப்பட்டோரின் கதைகளை மலையகத்து முதியோர் யாரைக் கேட்டாலும் சொல்வர். அந்த லொறியை மெருகிட்டு முற்றத்தில் நிறுத்தி வைப்போர் இலர்.

ஸ்டேஷன் என்ற சொல்லும் இம்மக்களுக்கு வேறு பொருள் தந்தது. 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் கிழிபட்டன. ஹட்டன், தலவாக்கலை நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்டோரின் ஒப்பாரி அந்நாளில் மலைகளில் எதிரொலித்தது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டபூர்வமான முடிவு காண 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு வர்க்கத்தின் குடும்பம் நிலையத்தில் வந்திறங்கி வண்டி ஏறியது. மற்றொரு வர்க்கத்தின் குடும்பம் அதே நிலையத்தில் பிரிந்தது.

இனிப் பொருளாதார அடிப்படையை நோக்குவோம. 1950களில் இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேற்பட்டது தேயிலையால் வந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் இறங்கிய ஒவ்வொரு காரின் விலையிலும் கொழுந்து பறித்த விரல்களின் பங்கு இருந்தது என்பது மிகைக் கூற்றன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியதும் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் திறந்த பொருளாதாரம் வந்து யப்பானிய வண்டிகளைக் கொண்டு குவிக்கும்வரை, இருந்த வண்டிகளையே உயிரோடு வைத்திருப்பது நாட்டுக்குக் கட்டாயமாயிற்று. இன்று நாம் வியந்து போற்றும் பழைய வண்டிகள் இத்தனை நிலைத்தமைக்குக் காரணம் இத்தட்டுப்பாடே.

இவ்விடத்தே நாம் மனமாரப் பாராட்டத்தக்க ஒரு மரபும் உண்டு. உதிரிப் பாகம் வராத காலத்தில் பட்டறை பாஸ்மார் இரும்பைத் தட்டியும் கடைந்தும் பாகங்களைத் தாமே ஆக்கினர். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திவந்த சார்ல்ஸ் வெயார், அவ்வண்டிக்கான பாகங்களை இலங்கையில் செய்விக்க முன்வந்தார். ஆண்ட நாடு செய்து விற்ற வண்டிக்கு, ஆளப்பட்ட நாட்டின் தொழிலாளர் பாகம் செய்து அனுப்பினர். பழைய வண்டியின் பெருமை யாருடையது என்று கேட்டால், வாங்கி வைத்திருந்தவனுக்கு முன்னே அதனை வாழவைத்தவனைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின், மொரிஸ் வண்டிகளும் இம்மரபின் சான்றுகளே.

எனவே நினைவேக்கம் முழுவதையும் பிற்போக்கெனத் தள்ளிவிடுவது எளிய வழி; சரியான வழியாகாது. உழைப்போருக்கும் கடந்த காலம் உண்டு, அவர்களும் நினைக்கின்றனர். வேறுபாடு, அந்நினைவு எதைக் கேட்கின்றது என்பதில் உள்ளது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஓகஸ்ட் நடுப்பகுதியில் மாத்தளையை அடைந்தது. மூதாதையர் நடந்த வழியிலேயே அவர்தம் சந்ததியினர் நடந்தனர். அதுவும் ஒரு நினைவுகூரலே. ஆயின் அது காணியைக் கேட்டது, வீட்டைக் கேட்டது, நியாயமான கூலியையும் சமத்துவமான குடியுரிமையையும் கேட்டது. பங்களா முற்றத்து வண்டி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அருகே நின்று புன்னகை செய்யச் சொல்கின்றது, அவ்வளவே. கேள்வியற்ற நினைவு பொழுதுபோக்காய் முடியும். உரிமை கோரும் நினைவே வரலாறாகும்.

தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின. 1992 இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. துரை மாறினார், லயங்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. இன்று லயத்துக் குடும்பத்தின் வண்டி முச்சக்கர வண்டி. கொழும்பிலே கடையில் நின்ற மகனின் சேமிப்பும் நகையின் அடகும் சேர்ந்து, லீசிங் தவணையில் வாங்கப்பட்டது அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டபோது, விலையைக் கேட்டே திகைத்து நின்றோரில் இக்குடும்பங்களும் அடங்கும். நாற்பது ஆண்டுகளின் பின் இந்த முச்சக்கர வண்டிக்கும் ஒரு நினைவேக்கம் தோன்றும். அதை எழுதப்போகிறவர் தவணைச் சீட்டையும் சேர்த்து எழுதுவாரா என்பதே கேள்வி.

மலையகத்துப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களும் மாணவரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தோட்டத்து லொறி ஓட்டிய முதியோர், அந்த லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போன தாய்மார், நிலையத்தில் உறவினரை வழியனுப்பிய பெரியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் சொல்வதை ஆண்டோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதி வையுங்கள். ஸ்டேஷன் வாகனை நினைப்போர் நினைக்கட்டும். அவர்களுக்குப் படமும் உண்டு, படத்தைக் காக்கும் பங்களாவும் உண்டு. லொறிக்குச் சான்று அதில் ஏறியவர்களின் வாய்மொழி ஒன்றே. அவர்கள் மறையுமுன் அது பதிவாதல் வேண்டும்.