மீட்டெழும் மந்திரம்

செட்டிகுளம் டீக்கடையில் வீடியோ கேம் பற்றிப் பேசும் இளைஞர்களும் விமர்சகர்கள்தாம். விமர்சிப்பது கருவியை மட்டும். 2017இல் வந்த நின்டெண்டோ சுவிட்சின் திரை 6.2 அங்குலம், 2025இல் வந்த சுவிட்ச் 2க்கு 7.9. சேமிப்பிடம் 32 ஜிபி, பிறகு 256. எண்களெல்லாம் மனப்பாடம். ஆடிய ஆட்டம் என்ன செய்தது என்று கேட்டால் 'செமயா இருந்துச்சு'. அத்தோடு சரி.

ஜப்பானிய ஆர்.பி.ஜி. வகைக்கு வழிபோட்ட டிராகன் குவெஸ்ட் 1986இல் வந்தபோது, ஆட்டத்தைச் சேமிக்க அதில் இடமே இல்லை. நிறுத்துமுன் அரசன் 20 எழுத்தில் ஒரு 'மீட்டெழும் மந்திரம்' சொல்வான். ஆடுபவன் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓரெழுத்து பிசகினால் அன்றைய உழைப்பு போயிற்று. குறைபாடுதான், ஆனால் அது உருவத்தோடு சேர்ந்துவிட்டது. ஒரே மாதிரிச் சண்டைகளைத் திரும்பத் திரும்பப் போட்டு வலிமை சேர்ப்பது இவ்வகையின் இயல்பு. இழந்துவிடலாம் என்பதால் அந்த அலுப்புக்கு ஒரு கனம் வந்தது.

1997இல் ஃபைனல் ஃபேண்டஸி 7 அந்த இழப்பைக் கதைக்குள் கொண்டுவந்தது. கூடவே வரும் ஏரித் பாதியில் கொல்லப்படுகிறாள். அவளுக்காகச் சேர்த்த வலிமை அவளோடு போகிறது. சேமித்த இடத்திலிருந்து எத்தனை முறை ஆடினாலும் அவள் சாகிறாள். இது படித்துத் தெரிந்துகொள்ளும் சாவு அல்ல. ஆடியவன் செலவழித்த மணிகளில் நிகழ்வது. நாவலால் இது ஆகாது.

இளைஞர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவிக்கு விலை இருக்கிறது, அதனால் பேச்சும் இருக்கிறது. அனுபவத்தைப் பேசத்தான் தமிழில் சொல் சேரவில்லை. சேர்க்க வேண்டிய நாம், விளையாட்டு என்றதும் முகம் சுளித்து எழுந்துவிடுகிறோம்.