எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கையும் கல்வராயன் மலையும்

சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" விண்ணப்பத்துடன் நோக்க அறிக்கை கேட்கும் நிறுவனங்களும் அதில் இதைத்தான் எதிர்பார்க்கின்றன. எம்.காம். சேர விரும்பும் மாணவரிடம் யாரும் இவ்வளவு நெருங்கிக் கேட்பதில்லை. மதிப்பெண் பட்டியலே அங்கே போதுமானது. சமூகப்பணித் துறை மட்டும் மதிப்பெண்ணைத் தாண்டி ஆளைப் பார்க்க விரும்புகிறது. அந்த விருப்பத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் பார்க்கும் முறை சரியான ஆளைக் கண்டுபிடிக்கிறதா என்ற ஐயம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தை மனத்தில் வைத்து யோசிக்கும்போது வலுக்கிறது.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் அங்கே உண்டு. சாராயம் காய்ச்சுவதோடு நெடுங்காலமாகச் சேர்த்துப் பேசப்பட்ட இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையின் பின்தங்கிய நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிறகு தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாமே தாமதமாகத்தான் அங்கே ஏறின. துயரத்தில் இருக்கும் குடும்பத்தோடு மாதக்கணக்கில் தொடர்பில் இருப்பது, குடிநோயாளியைச் சிகிச்சைக்கு இணங்க வைப்பது, உதவித்தொகைக்கான தாள்களைச் சேர்ப்பது, படிப்பை விட்ட பிள்ளையைப் பள்ளிக்குத் திருப்புவது: இவை பயிற்சி பெற்ற சமூகப்பணியாளரின் வேலைகள். அந்த வேலைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது இந்த மாவட்டத்துக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

இன்றைய சேர்க்கை முறையின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தப் படிப்பின் கதவு அகலமானது. பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படித்தவரும், ஆத்தூரில் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவரும் ஒரே வரிசையில் நிற்க முடியும். நேர்முகத் தேர்வுக்கும் தனி மதிப்பு உண்டு. ஏழைகளைக் கண்டால் அறிவுரை சொல்லத் துடிப்பவர் யார், எதிரில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்பவர் யார் என்பதை மதிப்பெண் காட்டாது. அனுபவமுள்ள ஆசிரியர் கால் மணி நேரத்தில் ஓரளவு கண்டுகொள்வார். 1936-இல் பம்பாயில் தொடங்கி இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனமாக இருக்கும் பள்ளியும், 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளியும் உருவாக்கிய மரபில், ஆளை நேரில் பார்த்து எடுப்பது ஒரு கொள்கையாகவே இருந்து வந்திருக்கிறது.

குறை தொடங்குவது, அந்த நேரில் பார்த்தலில் எது அனுபவமாகக் கணக்கில் வருகிறது என்ற இடத்தில். தொண்டு நிறுவனத்தில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப், என்.எஸ்.எஸ். முகாம், ரத்த தானச் சான்றிதழ் ஆகியவை கோப்பில் ஏறுகின்றன. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரில் வளர்ந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் கேரளத்துத் தோட்ட வேலைக்குப் போன மாதங்களில் தம்பி தங்கைகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் வன உரிமைப் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுத்தார். பிரசவ வலி கண்டவரோடு இரவில் வண்டியேறி மலை இறங்கினார். சமூகப்பணிப் பாடநூல் முதல் பருவத்தில் கற்பிக்கும் பலவற்றை அவர் கல்லூரிக்கு வருமுன்பே செய்திருக்கிறார். விண்ணப்பப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. சான்றிதழ் தர ஆளும் இல்லை. அவரே இதை அனுபவம் என்று நினைத்திருக்க மாட்டார், கேட்டால்தான் வரும். கேட்கும் வழக்கம் நம்மிடம் குறைவு.

மொழி அடுத்த தடை. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைப் பொது நுழைவுத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். முதுகலைக்கான சியூஇடி-பிஜி தேர்வில், மொழிப்பாடங்கள் நீங்கலாக, ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே. டாடா நிறுவனத்தின் சமூகப்பணிச் சேர்க்கையும் இப்போது அந்தத் தேர்வின் வழியாகத்தான் தொடங்குகிறது. பொதுத் தேர்வுக்கு ஆதரவான வாதத்தைத் தள்ளிவிட முடியாது: விடைத்தாள் திருத்தும் கணினிக்கு விண்ணப்பதாரரின் சாதியும் உச்சரிப்பும் தெரியாது, நேர்முகத்தில் உட்காரும் மனிதர்களுக்குத் தெரியும். ஆனால் கணினியின் அந்த நடுநிலை, தமிழில் சிந்திப்பவரை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் குழு விவாதமும் நேர்முகமும் ஆங்கிலத்துக்குச் சாயும்போது இதே கதைதான். இந்த மாநிலத்தில் சமூகப்பணியாளர் செய்யப்போகும் உரையாடல்களில் பெரும்பகுதி தமிழில் நடக்கும். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரையாடல் மட்டும் ஏன் வேறு மொழியில் நடக்க வேண்டும்?

இட ஒதுக்கீட்டுக் கணக்கும் மலைக்குச் சாதகமாக இல்லை. கல்வராயன் மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர்; தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் அவர்களுக்குத்தான். மாநிலத்தின் 69 விழுக்காட்டில் பழங்குடியினர் பங்கு 1 விழுக்காடு. 40 பேர் படிக்கும் வகுப்பில் அது அரை இடத்துக்கும் குறைவு. மத்திய நிறுவனங்களில் 7.5 விழுக்காடு உண்டு. அங்கேதான் மொழித் தடை. அதையும் தாண்டிச் சேர்ந்தால் பணம் எதிரில் நிற்கும். கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை விலக்கப்பட்டதை எதிர்த்து டாடா நிறுவன மாணவர்கள் 2018 பிப்ரவரியில் நடத்திய வேலைநிறுத்தத்தை நாடே பார்த்தது. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம் தரும் மாதம் 1,000 ரூபாயும் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். மலையிலிருந்து முதல் பட்டதாரியாக வரும் பெண், முதுகலைக்கு விண்ணப்பிக்கும் அதே மாதத்தில் அந்தத் துணையை இழக்கிறார்.

இவ்வளவையும் சொல்வதால், மலையில் பிறந்தாலே சமூகப்பணிக்குத் தகுதி வந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. உள்ளூர்க்காரராக இருப்பதில் உண்மையான ஆபத்துகள் உண்டு. குழந்தைத் திருமணத்தை மறுக்கும் பெண்ணின் தகப்பன் தன் மாமனாக இருக்கும்போது, அந்தப் பெண்ணின் பக்கம் நிற்பது எளிதன்று. கேட்ட ரகசியத்தை ஊருக்குள் காப்பதும் கடினம். உறவிலிருந்து விலகி நின்று பார்க்கவும், பதிவு எழுதவும், மேற்பார்வையாளரிடம் தன் தடுமாற்றத்தைச் சொல்லவும் கற்றுத் தருவதுதான் இரண்டு ஆண்டுப் படிப்பின் வேலை. பட்டறிவு கல்விக்கு மாற்றாகாது. கல்வி யாரிடம் வேகமாக வேர்விடும் என்பதை அறிய அது நல்ல அடையாளம்.

'ஏன்' என்ற கேள்விக்கு இன்னொரு கேடும் உண்டு: அது மாணவரைப் பொய்க்குப் பழக்குகிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. இந்தப் படிப்பில் மனிதவளப் பிரிவுக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் ஈர்ப்புக்கு அந்த வேலைச்சந்தை ஒரு காரணம். குடும்பக் கடனை அடைக்க மாதச் சம்பளம் தேவைப்படும் இளைஞர் அதைத் தேடுவதில் தவறே இல்லை. ஆனால் நேர்முக அறையில் அவர் அதைச் சொல்லத் துணிவதில்லை. ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வந்ததாக ஒப்பித்துவிட்டு, அடுத்த ஆண்டு மனிதவளத்தைத் தேர்ந்தெடுக்கிறார். உண்மையை அடிப்படையாகக் கொண்ட ஒரு தொழிலுக்கு இது நல்ல தொடக்கமாகாது.

மாற்று முறை கற்பனையில் மட்டும் இருப்பதன்று. இங்கிலாந்தில் சமூகப்பணிக் கல்வியை நெறிப்படுத்தும் அமைப்பு 2021-இல் கொண்டுவந்த தரநிலைகளின்படி, விண்ணப்பதாரரின் முந்தைய தொடர்புடைய அனுபவத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்; சமூகப்பணிச் சேவையைப் பெற்ற அனுபவம் உள்ளவர்களையும் சேர்க்கையில் ஈடுபடுத்த வேண்டும். உதவி பெற்றவருக்கு, உதவப் போகிறவரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை அங்கே உண்டு. நம் கல்லூரிகள் கிராம முகாமுக்கு மலை ஏறுகின்றன, கணக்கெடுக்கின்றன, தெருநாடகம் போடுகின்றன. அந்த ஊர்களின் சுய உதவிக் குழுப் பெண் ஒருவரைத் தேர்வுக் குழுவில் உட்கார வைப்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

நேர்முகத் தேர்வு இருக்கட்டும். அதன் மையம் மாறட்டும். குடித்துவிட்டு வரும் தகப்பன், பள்ளியை விட்ட மகன், உதவித்தொகை நின்றுபோன பாட்டி என்று ஒரு குடும்பத்தின் நிலையைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, "முதலில் யாரிடம் பேசுவீர்கள், எதை உடனே செய்ய மாட்டீர்கள்?" என்று கேட்கலாம். விடையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத விடலாம். வீட்டிலும் ஊரிலும் பிறருக்காகச் செய்த வேலைகளை எழுதப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கலாம். பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்த பதில் இந்தத் தேர்வில் அதிகம் உதவாது. நகரத்து மாணவருக்கும் இதனால் இழப்பில்லை. கூர்ந்து கேட்கத் தெரிந்தவர் எங்கிருந்து வந்தாலும் தேறுவார். கட்டணமும் இட எண்ணிக்கையும் அரசு தீர்க்க வேண்டியவை, அதற்கு நாளாகலாம். கேள்வித்தாளும் தேர்வுக் குழுவும் ஒவ்வொரு துறைத் தலைவரின் கையில் இருக்கின்றன. வரும் கல்வியாண்டிலேயே அவற்றை மாற்றத் தொடங்கலாம்.