தொழிற்பெயரும் தொழில்வழிச் சிகிச்சையும்: சிங்கப்பூர்த் தமிழ்ச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

மனநோயுற்றோரை அன்றாடச் செயல்களின் வழியே வாழ்வுக்கு மீட்கும் மருத்துவத் துறையைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை, தொழில்முறைச் சிகிச்சை, தொழில்சார் சிகிச்சை எனப் பலவாறு வழங்குகின்றனர். இடைநிற்கும் சொல் எதுவாயினும் முன்னிற்கும் 'தொழில்' மாறுவதில்லை. அச்சொல் இன்றைய சிங்கப்பூர்த் தமிழர் செவியில் என்ன பொருள் தருகின்றது என்பதும், அப்பொருள் மீட்சி என்னும் கருத்தை எவ்வாறு குறுக்குகின்றது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

இத்துறைக்கு அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டு ஒரு சங்கம் நிறுவப்பெற்றது. அதன் கோட்பாட்டை வகுத்தவருள் முதன்மையானவர் மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர். 1922இல் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் என்னும் நான்கனையும் ஒரே வரிசையில் வைத்தார். இந்நான்கின் ஒழுங்கு குலைவதே நோய் என்றும், அவ்வொழுங்கைச் செய்துசெய்தே மீட்க வேண்டும் என்றும் அவர் கருதினார். ஆகவே இத்துறை பேசும் 'தொழில்' ஊதியம் ஈட்டும் பணி அன்று. மனிதன் தன் பொழுதை நிரப்பும் செயல்கள் அனைத்தும் ஆகும்.

இப்பரந்த பொருள் தமிழுக்குப் புதியதும் அன்று. உண்டல், ஆடல், நடத்தல் ஆகியவற்றை நம் இலக்கணத்தார் தொழிற்பெயர் என்றனர். மேயர் தம் பட்டியலில் நான்காவதாக வைத்த உறக்கமும் தொழிற்பெயரே. இதனை வகுப்பறையில் நாள்தோறும் கற்பிக்கும் நாம் அதன் ஆழத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. சைவர் இறைவனுக்கு ஐந்தொழில் கூறினர். அத்தொழிலுக்குச் சம்பளம் இல்லை. ஆயின் தொழிற்சாலை, தொழிற்சங்கம், தொழிலதிபர், தொழிலாளி என்னும் வழக்குகள் பெருகியபின் 'தொழில்' பிழைப்பாகச் சுருங்கிவிட்டது.

இச்சுருக்கத்தின் விளைவைச் சிராங்கூன் சாலையில் வைத்துக் காணலாம். மனச்சோர்வுற்ற முதிய இல்லத்தரசி ஒருவரிடம் "நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று வினவினால், "சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்பதே விடையாகும். அத்துடன் உரையாடல் முற்றுப்பெறும். அவரே நோய்க்குமுன் வாரந்தோறும் தேக்காச் சந்தைக்குச் சென்றவராக இருக்கக்கூடும். அவ்வொரு பயணத்தைப் பகுத்துப் பார்த்தல் வேண்டும். காலையில் எழுந்து நீராட வேண்டும். வீட்டில் என்ன தீர்ந்தது என்று நினைவுகூர வேண்டும். பேருந்தின் எண்ணை நோக்கி ஏற வேண்டும். நெரிசலைப் பொறுக்க வேண்டும். மீனின் செவுளைத் திறந்து பார்த்து விலை பேச வேண்டும். மீதிச் சில்லறையை எண்ண வேண்டும். திரும்பும் வழியில் வீரமாகாளியம்மன் கோயிலில் நிற்கவும் தெரிந்தவர் ஒருவரின் நலம் விசாரிக்கவும் வேண்டும். நினைவு, கவனம், திட்டமிடல், உடலாற்றல், பேச்சு, உறவு எனப் பலவும் இதனுள் அடங்கும். சிகிச்சையாளர் இப்படிகளுள் எது முறிந்தது எனக் கண்டு, அதிலிருந்து சிறிது சிறிதாகத் தொடங்குவார். முதல் வாரம் பட்டியல் எழுதுதல் மட்டுமே போதும். மருந்தோடு இணைந்து நடக்கும் இப்பணியைத் 'தொழில்' என்னும் இன்றைய சொல் மறைத்துவிடுகின்றது. நோயாளியின் மகனோ, "அம்மாவுக்கு இனி வேலை எதற்கு?" என்று கேட்டு, அவரை அழைத்துச் செல்லாதிருக்கவும் கூடும்.

சிங்கப்பூரில் மனநல மருத்துவம் நெடிய வரலாறு உடையது. 1841இல் சிறியதொரு காப்பகமாகத் தொடங்கி, 1928இல் இயோ சூ காங் சாலையிலும், மனநலக் கழகமாக 1993 முதல் புவாங்கோக்கிலும் நிலைபெற்றது. இவ்வரலாற்றில் நம் பொருளுக்கு நெருங்கியது தீவின் வடபகுதியில் 1975 முதல் 2001 வரை இயங்கிய வியூ ரோடு மருத்துவமனை. உட்பிரிட்ஜ் மருத்துவமனையின் நெடுநாள் நோயாளிகள் அங்கே தங்கி, வேலைசெய்து மறுவாழ்வுக்குப் பயிற்சி பெற்றனர். அது மூடப்பட்டபின் அக்கட்டடம் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குமிடமாயிற்று. ஒரே கூரையின்கீழ் முதலில் வேலை மருந்தாக இருந்தது. பின்னர் வேலையே தங்குவதற்கு உரிய தகுதியாயிற்று.

இத்தங்குமிடங்களில் வாழ்வோருள் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். அவர்தம் வேலை அனுமதி அட்டை வேலையோடு பிணைந்தது; வேலை போயின் இங்கு வாழும் உரிமையும் போகும். இவர்களிடம் மீட்சியை 'வேலைக்குத் திரும்புதல்' என்று மட்டும் கூறினால் அது ஆறுதலாகாது, அச்சுறுத்தலாகும். 2020இல் பெருந்தொற்றால் தங்குமிடங்கள் அடைக்கப்பட்டபோது அவர்கள் இழந்தவை எவை? ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் ஊர்க்காரரைச் சந்தித்தல், வாழையிலையில் உண்ணல், புல்வெளியில் அமர்ந்து பேசல் ஆகியவை. இவையும் தொழிற்பெயர்களே. அவ்வாண்டின் இறுதியில் அரசு இத்தொழிலாளர்க்கெனத் தனி மனநலத் திட்டம் ஒன்றை வகுத்தது.

2025 சனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டம், மனநலக் குறையைக் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடைசெய்யும் பிரிவை உடையது. இது போற்றத்தக்கதே. எனினும் சட்டம் காப்பது ஊதியப் பணியை நாடுவோரை. சந்தைக்குச் செல்ல முடியாத தாய் அதன் எல்லைக்குப் புறத்தே நிற்கிறார்.

'மீட்சி' என்பதற்கு மாற்றாக நாம் ஆளும் சொற்களும் சிக்கலுடையன. குணமடைதல் என்றால் நோய் அடியோடு நீங்க வேண்டும் என்றாகிறது. குணம் என்பது இயல்பையும் குறிப்பதால் குற்றம் நோயாளியின் இயல்பில் உள்ளது என்னும் சாயலும் படிகின்றது. மறுவாழ்வோ மதுவிலிருந்து மீட்கும் இல்லங்களை நினைவூட்டும். வில்லியம் ஆன்டனி 1993இல் விளக்கிய மீட்சி இவ்விரண்டிலும் வேறானது: நோயின் எச்சம் இருப்பினும் நிறைவோடு வாழ்தல்.

பிற மொழியினர் இத்தகைய இடர்ப்பாட்டைச் சொல்லாக்கத்தால் மட்டும் தீர்க்க முயலவில்லை. ஜப்பானியச் சூழலில் மைக்கேல் இவாமா, தனிமனிதனை மையமாக்கும் மேலைக் கோட்பாடு பொருந்தாமை கண்டு, வாழ்வை ஆறாக உருவகித்துப் புதிய மாதிரி ஒன்றை வகுத்து 2006இல் நூலாக்கினார். நீரோட்டம், பாறை, மிதக்கும் மரம் எனச் சூழலும் உறவும் அதனுள் இடம்பெற்றன. ஈழத்தமிழர் வழங்கும் 'உளவளத்துணை' என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. அறிவுரை கூறுவோன் மேலிருந்து பேசும் தொனியை அது நீக்கி, உடன் நிற்றலை முன்வைத்தது. சிங்கப்பூர்த் தமிழில் இத்தகைய முயற்சி போதிய அளவு நிகழவில்லை என்பதே என் துணிபு. நால்மொழிக் கொள்கையின் பயனாகத் தமிழில் துண்டறிக்கை கிடைக்கின்றது. அதன் வாக்கியங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தின் நிழலாகவே அமைகின்றன.

'தொழில்' என்பதை நீக்கிச் 'செயல்வழிச் சிகிச்சை' என மாற்றலாம் என்பார் உளர். அது ஓரளவு தெளிவு தரும். ஆயினும் முதற்கண் மாற வேண்டியது வினா. "என்ன தொழில்?" என்பதை விடுத்து, "காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? இப்போது எதைச் செய்ய முடியவில்லை?" என்று கேட்டால், சும்மா இருப்பதாகச் சொன்னவரே கோலத்தையும் மீன்குழம்பையும் பேரப்பிள்ளையின் பள்ளிப்பையையும் பற்றிப் பேசத் தொடங்குவார். மொழிபெயர்ப்புப் பாடத்தில் இத்தகைய வினாப்படிவம் ஒன்றைப் பயிற்சியாக அளித்து, மாணவர் தம் பாட்டியிடம் அதனைப் படித்துக் காட்டி, அவர் தரும் விடையைக் கொண்டு வினாவைத் திருத்துமாறு செய்யலாம்.