கேட்கப்படாத நான்காவது வினா

சென்ற ஆனிச் சாரலில் குற்றாலத்தில் தங்கியிருந்தபோது, நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்களின் ‘மூன்று வினாக்கள்’ நூலை மீண்டும் படித்தேன். ரசிகமணி டி.கே.சி. கம்பனைச் சுவைத்துச் சொன்ன ஊர் குற்றாலம். டி.கே.சி. சட்டம் பயின்றவர்; அவர்பால் ஈடுபாடு கொண்ட எஸ். மகாராஜன் உயர்நீதிமன்ற நீதிபதி. நீதியும் கவிதையும் கைகோத்த இம்மரபில் நாகூர் தந்த இஸ்மாயில் அவர்களுக்குத் தனியிடம் உண்டு.

நூல் வாலி வதையை ஆராய்வது. மறைந்து நின்று அம்பெய்தது ஏன் என்று வீழ்ந்து கிடக்கும் வாலி இராமனையே கேட்கிறான். எய்தவர் எத்துணைப் பெரியவராயினும் காரணம் கேட்கப்பட வேண்டும் என்பதே அக்காட்சியின் உயிர்.

இவ்வளவுகோலை நூலாசிரியரின் வாழ்விலும் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நெருக்கடி நிலையில், 1976இல், சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்து வெளிக்கொணர்ந்தது அவருடைய ஆணையம். 1979இல் தலைமை நீதிபதியானார். 1981இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டார். தலைமை நீதிபதி வெளிமாநிலத்தவராக இருத்தல் நன்று என்றது அரசு. பணியாத நீதிபதியைத் தண்டிக்க அது கருவியாகும் என அஞ்சினர் வழக்கறிஞர் பலர். அவரோ வழக்காட விரும்பாது பதவியைத் துறந்தார். பாட்னாவிலிருந்து சென்னைக்கு மாற்றப்பட்ட கே.பி.என். சிங்கின் இடமாற்றத்தை, அவ்வாண்டின் இறுதியில் உச்சநீதிமன்றப் பெரும்பான்மை ஏற்றது.

பதவி துறப்பதெல்லாம் ஒன்றன்று. அதே 1981இல், இராணுவ ஆட்சியிலிருந்த பாகிஸ்தானில், தளபதி ஜியாவுல் ஹக் விதித்த புதிய உறுதிமொழியை ஏற்க மறுத்துத் தலைமை நீதிபதி அன்வாருல் ஹக் விலகினார். ஆனால் 1977இல் அவ்வாட்சியை ‘அவசியம்’ என்று செல்லுபடியாக்கிய அமர்வுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. கதவைத் திறந்துவிட்டவர் பின்னர் வெளியேறினார். நம்மவர் கையில் அக்கறை இல்லை.

ஆயினும் ஒரு குறை உண்டு. தமக்காக வாதாடுவது நீதிபதிக்கு அழகன்று என அவர் கருதியிருக்கலாம். அம்மாண்பைப் போற்றுகிறோம். ஆனால் அவ்வினா அவருக்கு மட்டும் உரியதன்று. பின்வந்த நீதிபதிகள் அனைவருக்கும் உரியது. இடமாற்றத்தில் இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1993இல் கூறும்வரை அது காத்துக் கிடந்தது.

தென்காசிக்குத் திரும்பும் வழியெல்லாம் இதுவே நெஞ்சில் நின்றது: மூன்று வினாக்களை எழுதியவர், நீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டிய நான்காவதைக் கேளாமலே சென்றுவிட்டார்.