தாஸிங் ஊரின் ஓவியன்

கணினி விளையாட்டைப் பற்றிய ஒரு திறனாய்வு நமது திங்களிதழில் இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் விளையாட்டு இறையியலுக்கு அயலான பொருளன்று. புனித தோமா அக்குவினார் தம் பெருநூலில், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு இருக்க இயலுமா என்ற வினாவை எழுப்பி, இயலும் என்றே விடை தருகிறார். எந்நேரமும் வளைத்தே வைக்கப்பட்ட வில் முறிந்துபோகும் என்று நற்செய்தியாளர் யோவானைப் பற்றிச் சொல்லப்படும் பழங்கதையையும் அவ்விடத்தில் எடுத்துக்காட்டுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி வெளியிட்ட ஆணை அச்சு, திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றைப் பேசியது. கணினி விளையாட்டு அன்று மக்கள் கையில் இல்லை. இன்று நம் பங்கு இளையோரின் மாலைப்பொழுது பெரும்பாலும் அதில்தான் கழிகிறது. அவர்கள் இதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், “நேரத்தை வீணாக்காதே” என்ற ஒரே விடையோடு நிறுத்திக்கொள்வது ஆயனுக்கு அழகன்று.

ஆகவே அண்மைக்காலத்தில் வெளிவந்த, சமய வாழ்வைத் தொடுகின்ற சில விளையாட்டுகளை ஓய்வு கிடைத்த இரவுகளில் ஆடிப் பார்த்தேன். நான் பழகிய ஆட்டக்காரன் அல்லன். ஐம்பதைக் கடந்த விரல்கள் விசைப்பலகையில் தாவித் திரிய மறுக்கின்றன. எனவே ஈண்டு எழுதுபவை முதற்பார்வையில் மனத்தில் தங்கியவை மட்டுமே.

ஸ்பெயினின் செவீல் நகரத்துக் குழுவொன்று 2019இல் வெளியிட்ட ‘பிளாஸ்பமஸ்’ என்ற ஆட்டத்தில் அந்நகரின் புனித வாரப் பவனிகளும் கூம்புத் தலையணிகளும் கண்ணைப் பறிக்கின்றன. ஆயினும் தவக்கோலம் பூண்டவன் செய்வதெல்லாம் வெட்டுவதும் குத்துவதுமே. அரை மணி நேரத்தில் போதும் என்றாகிவிட்டது. 2024இல் வந்த ‘இண்டிகா’ பழைய உருசிய நாட்டை நினைவூட்டும் ஓர் உலகில் வாழும் இளம் துறவி ஒருத்தியின் கதை. அவள் காதில் அலகை ஓயாது பேசிக்கொண்டிருக்கிறது. கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கச் சொல்லி, சுமந்தது அனைத்தும் வீண் என்று காட்டுகிறார்கள். சேர்க்கும் புள்ளிகளால் பயனில்லை என்று ஆட்டமே அறிவித்தும் விடுகிறது. கேலி கூர்மையானதுதான். ஆனால் கேலி செய்பவர் செபம் என்பதை என்றேனும் உள்ளிருந்து கண்டவரா என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. கனடாவின் டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்த ‘வெண்பா’ சமயம் பற்றியதன்று. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, கிழிந்தும் மங்கியும் போன தன் அன்னையின் சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்லி வேகவைப்பதும், தமிழை விட்டு விலகிச் செல்லும் மகனுக்காகக் காத்திருப்பதும் அதில் ஆட்டமாகின்றன. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறு படைப்பு. புலம்பெயர்ந்த பிள்ளைகளைக் கொண்ட பெற்றோர் பார்க்கலாம். கண் கலங்கும்.

என்னைப் பல இரவுகள் உறங்கவிடாத ஆட்டம் ‘பென்டிமென்ட்’. அமெரிக்காவின் ஆப்சிடியன் நிறுவனம் ஜாஷ் சாயர் என்பவரின் இயக்கத்தில் 2022 நவம்பரில் வெளியிட்ட படைப்பு. பெயரே பொருள் பொதிந்தது. ஓவியன் ஒன்றைத் தீட்டி, மனம் மாறி அதன்மேல் வேறொன்றைத் தீட்ட, காலப்போக்கில் அடியில் மறைந்த கோடு மெல்ல வெளித்தெரிவதை இத்தாலிய மொழியில் ‘பென்டிமென்டோ’ என்பர். அச்சொல்லுக்கு வேர்ப்பொருள் மனம் வருந்துதல்.

கதை தொடங்கும் ஆண்டு 1518. மார்ட்டின் லூத்தர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டு ஓராண்டும் நிறைவுறாத காலம். பவேரியாவின் மலையடிவாரத்தில் தாஸிங் என்ற கற்பனை ஊர். அதன் அருகே கீர்சாவ் என்னும் பெனடிக்ட் சபை மடம். ஆண் துறவியரும் பெண் துறவியரும் ஒரே வளாகத்தில் தனித்தனியே வாழும் இரட்டை மடம் அது. அக்காலத்திலேயே அத்தகைய மடங்கள் அருகிவிட்டன. கையால் நூல் எழுதும் கூடங்களும் அச்சகத்தின் முன் தோற்றுக்கொண்டிருந்தன. அக்கூடத்தில் கூலிக்கு ஓவியம் தீட்டும் இளைஞன் அந்திரேயாஸ் மாலர். அவனாகத்தான் நாம் உலவுகிறோம். அவன் பல்கலைக்கழகத்தில் என்ன பயின்றான் என்பதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம். மருத்துவம், சட்டம், இறையியல் என்பவற்றுள் நான் எதைத் தேர்ந்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

காட்சிகள் யாவும் இடைக்காலக் கைப்பிரதி ஓவியங்களையும் மரச்செதுக்கு அச்சுப்படங்களையும் ஒத்தவை. குரலில் எவரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் எழுத்தாக, இறகுப்பேனாவின் கீறல் ஒலியோடு நம் கண்முன் எழுதப்படுகிறது. துறவியர் பேசினால் கோத்திக் எழுத்து. அச்சுத்தொழிலாளி பேசினால் ஈய எழுத்துக் கோத்த அச்சு. உழவர் பேசினால் கிறுக்கல். இறைவனின் பெயர் வருமிடத்தில் இடம்விட்டு எழுதி, இறுதியில் செம்மை கொண்டு நிரப்புகிறார்கள். திருவழிபாட்டு நூல்களின் செவ்வெழுத்தோடு பழகிய குருவுக்கு இது தரும் மகிழ்ச்சி தனி. ஆனால் இந்த எழுத்து விளையாட்டு வெறும் அழகுக்காக அன்று. எதிரில் நிற்பவர் கல்வியறிவு உடையவர் என்று அந்திரேயாஸ் அறியும் நொடியில் அவர் பேச்சின் எழுத்து மாறிவிடுகிறது. அதாவது, திரையில் நாம் காண்பது அம்மனிதர் அல்லர். அவரைப் பற்றி நாம் கொண்ட மதிப்பீடு மட்டுமே. மறையுரையில் அரை மணி நேரம் பேசியும் நான் உணர்த்த இயலாத ஒன்றை இது ஒரு நொடியில் உணர்த்திவிடுகிறது.

ஓவியனின் மனத்துள் ஓர் அவை கூடுவதும் சுவையானது. சாக்ரடீசும், தாந்தேயின் பெயத்ரிசும், மூடர் கப்பல் என்ற பழைய நூலின் குடிகாரப் ‘புனிதர்’ குரோபியனும், பிரஸ்தர் யோவானும் அதன் உறுப்பினர்கள். கீழை நாட்டை ஆள்வதாக ஐரோப்பியர் நம்பிய குருமன்னன் இந்தப் பிரஸ்தர் யோவான். 12ஆம் நூற்றாண்டில் அவர் பெயரால் உலவிய மடல், நம் திருத்தூதர் தோமாவின் உடல் அவர் நாட்டில் இருப்பதாகச் சொன்னது. மயிலாப்பூரை நினைத்துப் புன்னகைத்துக்கொண்டேன்.

மடத்திற்கு விருந்தினராக வந்த பிரபு ஒருவர் கொலையுண்கிறார். குருதி படிந்த கத்தியோடு அருகில் நின்றிருந்த முதிய துறவி பியேரோ கைதாகிறார். அவர் அந்திரேயாசின் ஆசான், தீங்கறியாதவர். மடத்தலைவருக்கோ விவகாரம் விரைந்து முடிந்தால் போதும். பியேரோவைக் காப்பாற்ற வேண்டுமாயின், விசாரிக்க வரும் திருச்சபை அதிகாரியின் முன் வேறொரு குற்றவாளியைச் சுட்டிக்காட்ட வேண்டும். காலமோ சிறிது. ஒருவர் வீட்டு உணவு மேசையில் அமர்ந்தால் இன்னொருவர் கதை நமக்கு இல்லாமற்போகும். ஐயத்துக்கு உரியவர்களுள் ஒருத்தி ஒத்திலியா, கோயில்மீது கோபம் கொண்டு கூனிக் குறுகி வாழும் விதவைக் கிழவி. அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் பவேரியாவைச் சேர்ந்தவர்கள் அல்லர். வீடு சந்திக்கச் செல்லும்போது கதவைப் பாதி மட்டும் திறக்கும் முதியவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு.

இங்கேதான் இந்த ஆட்டம் ஒரு நாவல் செய்ய இயலாததைச் செய்கிறது. நாவலில் தீர்ப்பு எழுத்தாளருடையது. நாம் கண்டிக்கலாம், பக்கத்தைப் புரட்டலாம். இங்கே நம் சொல்லால் ஒருவர் கொல்லப்படுகிறார். அவர்தாம் உண்மையில் கொன்றாரா என்பதை ஆட்டம் எங்கும் உறுதி செய்வதில்லை. பின்னர் 7 ஆண்டுகள் கழித்து, 1525ஆம் ஆண்டு உழவர் எழுச்சியின்போது, அதே ஊருக்கு நம்மைத் திருப்பி அழைத்துச் செல்கிறது. இறந்தவர் இல்லாத ஊரில் நாம் நடமாட வேண்டும். மக்களுக்காக ஒருவன் இறப்பது நலம் என்று தலைமைக்குரு கயபா சொன்ன கணக்கை யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் படிக்கும்போது நாம் எளிதாகக் கோபப்படுகிறோம். அதே கணக்கை நல்ல மனத்தோடு, நல்லவர் ஒருவரைக் காப்பாற்றும் பொருட்டு, நம் கையே போடும்படி இவ்வாட்டம் செய்துவிடுகிறது.

முடிவை அறிய விரும்பாதவர்கள் அடுத்த இரு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

ஊராரைத் தூண்டிவிட்ட மறைமுகச் சீட்டுகளுக்கெல்லாம் பின்னால் இருந்தவர் தாஸிங் ஊரின் பங்குத்தந்தை தோமாஸ். எவருக்கு எவர்மீது பகை என்பதைப் பங்குத்தந்தையை விட நன்கறிந்தவர் யார்? அவர் பொன்னுக்கோ பதவிக்கோ ஆசைப்படவில்லை. ஊர் வணங்கும் புனிதை சாத்தியா, புனித மோரிட்ஸ் ஆகிய இருவரின் கதைகளும் தியானா, மார்ஸ் என்னும் பழைய உரோமைத் தெய்வங்களிடமிருந்து வந்தவை என்ற உண்மை கோயிலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அது வெளிப்பட்டால் எளிய மக்களின் விசுவாசம் சிதைந்துவிடும் என்று அஞ்சினார். அறிந்தவர்களின் வாயை அடைக்கப் பிறர் கைகளை ஏவினார். இறுதியில் நிலத்தடிக் கோயிலைத் தம்மீதே இடித்துச் சாய்த்துக்கொள்கிறார். ஒரு பங்குத்தந்தை இதை வாசித்துவிட்டு, இது திருச்சபைப் பகைவரின் கட்டுக்கதை என்று கணினியை மூடிவிடலாம். என்னால் மூட இயலவில்லை. மக்கள் தாங்கமாட்டார்கள், ஆகவே சொல்லாமல் விடுவோம் என்ற பேச்சு குருக்கள் நடுவே நான் கேளாத பேச்சன்று. கடவுளுக்காகவா பொய் பேசுகிறீர்கள் என்று யோபு தம் நண்பர்களிடம் கேட்பது, கடவுளை மறுப்பவர்களை நோக்கிக் கேட்ட கேள்வியன்று. பக்தர்களை நோக்கிக் கேட்டது.

ஆயினும் தந்தை தோமாசின் அச்சத்திற்கு அடிப்படை உண்டா? வரலாறு இல்லை என்கிறது. திருத்தந்தை பெரிய கிரகோரி 601இல் மெல்லித்துசுக்கு எழுதிய மடலில், ஆங்கிலேயரின் பழைய வழிபாட்டிடங்களை இடிக்காமல் தூய்மைப்படுத்திக் கோயில்களாக்கும்படி வெளிப்படையாகவே பணித்தார். ஒளித்து வைக்க வேண்டியதாக அவர் எதையும் கருதவில்லை. இன்னும் அண்மையில், புனித பிலோமினா. 1802இல் உரோமை நகரின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் கிடைத்த எலும்புகளும் பெயர் பொறித்த ஓடுகளும் தவிர அப்புனிதையின் வாழ்க்கை பற்றி வரலாற்றுச் சான்று ஏதுமில்லை. பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித யோவான் மரிய வியான்னியே அப்புனிதைமீது பேரன்பு கொண்டிருந்தார். எனினும் 1961இல் திருச்சபை அவ்விழாவை வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து நீக்கியது. 1969 சீரமைப்பில் பயணிகளின் பாதுகாவலர் கிறிஸ்தோபரின் விழா பொது நாட்காட்டியிலிருந்து விலக்கப்பட்டது. விசுவாசம் சிதைந்ததா? நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால் பிலோமினாக்களும் கிறிஸ்தோபர்களும் வரிசையாக நிற்கிறார்கள். தோமாஸ் தம் மக்களை உள்ளபடியே நேசித்தார். ஆனால் அவர்களை நம்பவில்லை.

படைப்பாளரிடம் எனக்குள்ள குறையும் இதை ஒட்டியதே. தோமாசுக்கு எதிரே நிறுத்த, உண்மையை அறிந்த பின்னும் செபிக்கின்ற ஓர் உள்ளத்தை அவர்கள் அழுத்தமாகக் காட்டவில்லை. விசுவாசம் என்பது ஊரார் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை என்ற அளவிலேயே ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மடத்தில் மணி ஒலிக்கிறது, ஓவியம் மிளிர்கிறது, ஆல்கெமி குழுவினரின் பழமையிசை உள்ளத்தை உருக்குகிறது. ஆனால் நற்கருணையின் முன் மௌனமாக அமர்ந்திருப்பவரின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதற்கு அங்கே இடமில்லை. உள்ளிருந்து பார்ப்பவர் எவரேனும் அக்குழுவில் இருந்திருந்தால் இறுதிக்காட்சி இத்தனை அவசரமாக இடிந்து விழுந்திருக்காது. தோமாசுக்கு மனம் வருந்த ஒரு நாழிகையேனும் கிடைத்திருக்கும். பெயர் அவ்வாறிருக்க!

1543இல் நிகழும் மூன்றாம் பகுதி மெதுவாக நகர்கிறது. அச்சுத்தொழிலாளியின் மகள் மக்தலேனா ஊர்மன்றச் சுவரில் தாஸிங்கின் வரலாற்றைத் தீட்டுகிறாள். எதைத் தீட்டுவது என்று ஊரிலுள்ள ஒவ்வொருவரையும் கேட்டு அலைகிறாள். இப்பகுதியில் கொட்டாவி வந்தது உண்மை. ஆனால் தந்தை விட்டுச்சென்ற பணியை ஒரு பெண் ஏற்று முடிப்பதில் தனி அழகு இருந்தது.

ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர்க்கே இது ஏற்றது. தமிழில் கிடைப்பதில்லை. முழுவதும் முடிக்க 15 மணி நேரத்திற்கு மேல் செல்லும். கொலையும் தண்டனையும் வன்முறையும் பேசப்படுவதால் சிறுவர்க்குக் கொடுக்க வேண்டா. கல்லூரி மாணவர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள், குருமட மாணவர்கள் ஆகியோர் இருவர் மூவராகச் சேர்ந்து ஆடலாம். முதற் பகுதியின் விசாரணை நாளுக்கு முன் நிறுத்திவிட்டு, யாரைச் சுட்டுவது என்று தங்களுக்குள் வாதிட்டுப் பார்க்கட்டும்.